ஹாரனின் தகுதிச் சீட்டு

மார்ச் 4

காலையில் நாற்பத்திரண்டு பேர். பாதிப் பேருக்குக் கால் ஆணி, மீதிப் பேருக்கு அணிவகுப்புக்கு மட்டம் போட ஒரு சீட்டு. மத்தியானம் பாப்பா போனில், "அம்மா, ராணுவத்துல நீ துப்பாக்கி வெச்சிருக்கியா, ஊசி வெச்சிருக்கியா?" என்றாள். ஊசிதான் என்றேன். குழந்தைக்குப் பெரிய ஏமாற்றம்.

மார்ச் 6

எழுதாமல் விட்டால் மறந்துவிடும் என்று பார்த்தேன். மறக்கவில்லை.

நேற்று மருந்துப் பெட்டிகளை ஏற்றச் சொல்ல ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் போனேன். யூனிட்டே அவரை 'ஹாரன்' என்றுதான் கூப்பிடும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும் பக்கத்து ஊருக்குக் கேட்கும். ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். கண் திறந்தே இருந்தது. வாய் எதையோ மென்றது. விரல்கள் சட்டைப் பித்தானைப் பிடுங்கிக்கொண்டே இருந்தன. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு, "என்ன சொன்னீங்க மேடம்?"

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி இப்படி ஆகியிருக்கா?"

"தூக்கமில்ல மேடம். அவ்ளோதான்."

தூக்கமில்லாதவர் வாய் இப்படி மெல்லுமா? இது வலிப்பு, கைகால் உதறாத வகை. தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன்?

மார்ச் 9

உத்தரவு வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி எல்லை மலைக்குப் போகிறோம். அடிபட்டவருக்குப் போர்முனையில் இருக்கும் மருத்துவ உதவியாளர் முதல் கட்டுப் போட்டு, ஆட்களை வைத்துத் தூக்கி எங்கள் கூடாரத்துக்கு இறக்குவார். நாங்கள் ரத்தத்தை நிறுத்தி, மூச்சு அடங்காமல் பார்த்து, அடிவாரத்தில் இருக்கும் அறுவை மருத்துவமனைக்கு அனுப்புவோம். கை ஒடிந்தாலும் குடல் சரிந்தாலும் அதே வரிசைதான். நடுவில் மூன்று மணி நேர மலைப் பாதை. அது அறுந்தால் மேலே நான் இருந்து என்ன, கீழே அறுவை மருத்துவர் இருந்து என்ன?

ஆம்புலன்ஸ் இரண்டு, ஓட்டுநர் இரண்டு பேர். மலையில் ஓட்டிப் பழகியவர் ஹாரன் ஒருவர்தான்.

எல்லாருடைய தகுதிச் சீட்டிலும் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குள்.

மார்ச் 10

எல்லாவற்றிலும் போட்டேன், ஒன்றைத் தவிர. அதை எடுத்துக்கொண்டு கர்னலிடம் போனேன். அவரும் டாக்டர்தான், ஆனால் இந்த வாரம் முழுக்க முழுக்க கர்னல்.

"ஒரே ஒரு தடவைதானே பார்த்தீங்க மேடம்?"

"ஆமா சார்."

"ஒரு நிமிஷத்துக்காக இருக்கிற ஒரே மலை டிரைவரை எடுக்கச் சொல்றீங்க."

"அந்த ஒரு நிமிஷம் வளைவுல வந்தா சார்? பின்னாடி ரெண்டு பேர் படுத்திருப்பாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதுங்க. ஆனா பொறுப்பு உங்களுதுதான்."

எழுதினேன். வாகனம் ஓட்டத் தகுதியில்லை. நரம்பியல் சோதனைக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்.

சாயங்காலம் ஹாரன் வந்தார். அவர் மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்டேன். "இருபது வருஷம் மேடம். வண்டியில ஒரு கீறல் கிடையாது. வயித்துல அடிச்சிட்டீங்களே." உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மார்ச் 14

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல். மூளை அலைச் சோதனையில் ஒன்றுமில்லை. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் பலருக்கு அப்படித்தான் வரும். அது எனக்குத் தெரியும், சாப்பாட்டுக் கூடத்துக்குத் தெரியாது. நான் தட்டோடு உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. ஹாரனைச் சில நாள் அங்கேயே படுக்கையில் வைத்துக் கவனிக்கப் போகிறார்களாம்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "நீ பார்த்தது பார்த்ததுதானே?" என்றார். பார்த்தேனா? இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அவர் இவ்வளவு உறுதியாக நம்பினால் எனக்கு இன்னும் பயம்.

மார்ச் 15

மேலே வந்துவிட்டோம். ஹாரனுக்குப் பதிலாகச் சரக்கு லாரி ஓட்டியவரைக் கொடுத்திருக்கிறார்கள். சமவெளிக்காரர். கூடாரம் சேர்ந்ததும் இறங்கி வாந்தி எடுத்தார்.

மார்ச் 19

அடிபட்டவர் யாரும் வரவில்லை. மருந்துப் பெட்டிகளை இரண்டாவது தடவை எண்ணி வைத்தேன்.

மார்ச் 22

காலை 10.20. தொடையில் குண்டுச் சிதறல். உதவியாளர் மேலேயே பட்டை போட்டு இறுக்கி, நேரத்தைக் கையில் எழுதி அனுப்பியிருந்தார்: 9.40. நாடி ஓடியது. பட்டையை லேசாகத் தளர்த்திப் பார்த்தேன், ரத்தம் பீய்ச்சியது. மறுபடி இறுக்கினேன். நேரம் போகப் போகக் கால் செத்துக்கொண்டிருக்கும். முதல் வண்டி ஏற்கெனவே காய்ச்சல்காரருடன் கீழே போயிருந்தது. லாரிக்காரர்தான்.

"பொறுமையா போறேன் மேடம்."

"பொறுமையா போகாதீங்க!" கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

மூன்று மணி நேரம் ஆயிற்று. நான்கு. வயர்லெஸ் பக்கத்திலேயே நின்றேன். ஐந்து மணி பத்து நிமிடம் கழித்துச் சேர்ந்தார்கள்.

உயிர் இருக்கு. காலை எடுத்துட்டாங்க.

ஹாரன் ஓட்டியிருந்தா? இருபத்தி நாலு வயசு அந்தப் புள்ளைக்கு. ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான் — ஒரு பேனாவை வெச்சுக்கிட்டு என்ன பண்ணிட்டேன்.

மார்ச் 23

கூடாரத் தரையிலிருந்த ரத்தக் கறையை நானே கழுவினேன்.

மார்ச் 26

கர்னல் கூடாரத்துக்கே வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நேற்றுக் காலை, நர்ஸ் மாத்திரை கொடுக்கும்போது ஹாரன் அப்படியே உறைந்து நின்றாராம். பித்தான், மெல்லுதல், எல்லாம் அதே. பிறகு கைகால் உதறிக் கீழே விழுந்திருக்கிறார். ஸ்கேனில் மூளையில் ஒரு பழைய தழும்பு. மருந்தில் அடங்கும், ஆனால் இனி வண்டி ஓட்டக் கூடாது.

"நீங்க எழுதினது சரி டாக்டர்," என்றார். மேடத்திலிருந்து டாக்டர் ஆகிவிட்டேன்.

சந்தோஷப்படுகிற செய்தியா இது? கால் போனவரிடம் போய் நான் சொன்னது சரி என்று சொல்ல முடியுமா?

ஏப்ரல் 11

ஹாரனுக்கு அடிவாரத்து ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுநர்களுக்கு வயர்லெஸில் வழி சொல்கிறார். "மூணாவது வளைவு வருது, இடது பக்கம் மண்ணு இளகல், ரெண்டாவது கியர்ல வா, பிரேக்கைத் தொடாதே." காது கிழிகிறது. என்னிடம் மட்டும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் கோபம் அவருக்கு.

ஏப்ரல் 17

வயிற்றுக் காயம். லாரிக்காரர் ஓட்டினார். இரண்டு மணி ஐம்பது நிமிடம். பிழைத்துவிடுவாராம். கூடாரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 24

நோயாளி யாருமில்லாத நேரமாகப் பார்த்து முதல் வண்டி ஓட்டுநர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மேடம், வலது கண்ணு மங்கலாத் தெரியுது. ரெண்டு மாசமா. மறைச்சுட்டேன்."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"ஹாரன் அண்ணன்கிட்ட உளறிட்டேன். வயர்லெஸ்ல இல்ல, நேர்ல நிக்க வெச்சுத் திட்டினாரு. 'நீயே போய்ச் சொல்லுடா. அந்தம்மாவை மறுபடி அப்படி ஒரு சீட்டு எழுத வைக்காதே'ன்னாரு."

இனி ஆம்புலன்ஸ் இரண்டு, ஓட்டுநர் ஒருவர். கர்னலிடம் என்ன சொல்வேன்?

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். இடது கண்ணை மூடச் சொன்னேன்.