புதுக் கழுத்து

என்னங்க,

நம் எலக்ட்ரிக் கிட்டாருக்குக் கழுத்தை மாற்றிவிட்டேன். திட்டுவதென்றால் கடிதத்தை முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கடைக்காரர் முதலில் சிரித்தார். "கிட்டாரோட விலையைவிட கழுத்து விலை அதிகம்மா. பேசாம புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போங்க."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் கல்யாணமான புதிதில் நீங்கள் வாங்கித் தந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. வைத்திருந்தாலும் வாசிக்க முடியவில்லை. கம்பிகளை அழுத்தும் அந்தப் பழைய கழுத்துக் கட்டை தடிமன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் இடது கை அதைச் சுற்றிப் பிடிக்கவே மறுத்தது. நீங்கள் போனில் கையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் நான் மழையைப் பற்றிப் பேசியது அதனால்தான்.

கடைக்காரரே ஒரு மெலிந்த கழுத்தை எடுத்துக் கொடுத்து, "சும்மா பிடிச்சுப் பாருங்க" என்றார். பிடித்தேன். விரல்கள் சுற்றிக்கொண்டன.

"மாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று உங்களுக்குப் பிடித்த அந்தப் பாட்டை வாசித்தேன். உங்கள் தங்கை துணி மடிப்பதை விட்டுவிட்டு ஓடிவந்து, "அண்ணி, கொன்னுட்டீங்க" என்றாள். என்னைப் பாராட்டினாளா, பாட்டைக் கொன்றுவிட்டதாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

மறுபடி வாசித்தபோது சட்டென்று கையை உதறினேன். அவள் பயந்துபோய், "என்னாச்சு?" என்றாள்.

"விரல் நுனி எரியுது" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை மாதமாக ஊசி குத்தினாலும் தெரியாத விரல்கள் அவை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

இன்றும் நன்றாக எரிகிறது. மருந்து எதுவும் போடவில்லை.

உங்கள்
தொணதொணப்பு