முள் பூஜ்யத்தில் நின்றால்

கிழக்குத் தாம்பரம்,
சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள மாப்பிள்ளை ஆல்வினுக்கு, மாமா சாலமன் எழுதுவது. கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

போனில் எனக்கு வார்த்தை தடுமாறும். அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன்:

1. மீட்டருக்கான தடைக் கணக்கு.
2. இணைக்கும் முறை.
3. முள் பூஜ்யத்துக்கு வந்ததும் மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டிக்குள் கை வைக்கலாம்.

மெயினை அணைத்த பிறகும் அந்தப் பெட்டியின் மின்தேக்கியில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருந்து உங்கள் கையைச் சுட்டதாக ஜீவிதா சொன்னாள். "கைக்கட்டு கூட அவுக்கலைப்பா, இன்னைக்குச் சாயங்காலம் மறுபடியும் தொறக்கப் போறாராம்" என்று இன்று காலை மறுபடி போன் செய்து சொன்னாள். டிஜிட்டல் மீட்டரை எடுத்து வைத்துப் பார்க்க உங்களுக்குப் பொறுமை இல்லையாம். எனவே பெட்டியின் மேலேயே நிலையாகப் பொருத்த இந்த முள் மீட்டர்.

"மாமா கணக்கு எல்லாம் ஸ்கூல் போர்டுலதான் ஓடும், பட்டறைல ஓடாது" என்று போன கிறிஸ்துமஸுக்குக் கேலி செய்தீர்கள். இருந்தாலும் பாருங்கள். ஒரு மில்லி ஆம்பியருக்கு முள் கடைசிவரை போகும். 500 வோல்ட் அளக்க மொத்தத் தடை 5,00,000 ஓம். மீட்டர் சுருளின் 100 ஓமைக் கழித்தால் 4,99,900. ஒரு லட்சம் ஓமில் ஐந்தைத் தொடராகப் பற்றவைத்தேன். நூறு ஓம் அதிகம். ஐயாயிரத்தில் ஒரு பங்குப் பிழைதான். ஆனாலும் நேற்று ராத்திரி அதை நினைத்துத் தூக்கம் கெட்டது.

தடைகள் மின்தேக்கியின் பிளஸ் பக்கம் வரட்டும். வெற்றுக் கம்பி வெளியே தெரியக் கூடாது.

வீட்டு இன்வெர்ட்டரின் இருபத்து நான்கு வோல்ட் பேட்டரியில் மாட்டிப் பார்த்தேன். முள் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் நின்றது. இங்குவரை எழுதும்போது, இதை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவர நான் வரச்சொன்ன ஆட்டோ டிரைவர் லோகு உள்ளே வந்து, "திருமுடிவாக்கம் இன்னா பக்கத்துலயா கீது? குடு சார்" என்று, பேட்டரியில் மாட்டியபடியே இருந்த மீட்டரைத் தூக்கிவிட்டார். நடுத்தடையின் பற்றவைப்பு விட்டது. முள் பூஜ்யத்தில் விழுந்தது. "இன்னா சார், கரண்ட் பூட்ச்சா?" என்றார்.

கரண்ட் போகவில்லை, மாப்பிள்ளை. பேட்டரி அப்படியே இருந்தது.

திரும்பப் பற்றவைத்துவிட்டேன். ஆனால் உங்கள் பட்டறை அதிர்வில் அது மறுபடி விடாது என்று என்னால் சொல்ல முடியாது. நூறு ஓமைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. முள் ஏறியிருந்தால் நம்புங்கள். பூஜ்யத்தில் நின்றால் நம்பாதீர்கள். மெயினை அணைத்துக் காத்திருந்து, டிஜிட்டல் மீட்டராலும் பார்த்த பிறகே கை வையுங்கள். இதை ஜீவிதாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். என் மகளுக்காகக் கேட்கிறேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அடிக்காமல் விட்டிருக்கிறேன், நானும் அதை நம்பினேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

ஜெபத்துடன்,
சாலமன்