வேர்வை வராத அப்பா

அருமை மகளுக்கு,

நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் இப்போது தேவலை. வெறும் காய்ச்சல் என்று போனில் சொன்னது பொய். அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார், நானும் தலையாட்டிவிட்டு இத்தனை நாளாகச் சாப்பாடு இறங்காமல் கிடக்கிறேன்.

ரொட்டிக்கடை அடுப்பு முன்னால் இருபத்தாறு வருடமாக நிற்கிற மனுஷன், சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். நாலு மாதமாகச் சட்டை மொடமொடவென்று காய்ந்தே வந்தது. துவைக்கிறவள் நான்தானே, என் புத்தி போன போக்கைப் பாரடி. "வேலைக்குத்தான் போறீங்களா, இல்ல ஊர் சுத்திட்டு வர்றீங்களா" என்று வாய்கூசாமல் கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் பக்கத்து அடுப்புக்காரரை நகரச் சொல்லிவிட்டு, இரண்டு பேர் வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்திருக்கிறார். உடம்பெல்லாம் ஊசி குத்தியதாம், தலை சுற்றியதாம், வாயைத் திறந்தாரா? ஐந்தாம் நாள் அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்த் தொட்டேன், கை சுட்டது, நெற்றியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

தோல் டாக்டர் உடம்பில் மருந்து தடவி, மேலே மாவு மாதிரி ஒரு பொடியைத் தூவி, சூடான அறையில் உட்காரவைத்தார். வேர்க்கிற இடம் கறுக்குமாம். "இங்கயும் மாவுதானா" என்று உன் அப்பா அந்த நிலையிலும் சிரித்தார். ஓரிடமும் கறுக்கவில்லை. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வேர்வைச் சுரப்பிகளை எதிரி என்று நினைத்துச் சுற்றிலும் வீங்க வைத்துவிட்டதாம், சூடு வெளியேற வழியில்லையாம், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் உயிருக்கே ஆபத்தாம். மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். நேற்று மறுபடி பொடி தூவியபோது பிடரியில் மட்டும் மிளகு சிதறியது போல நாலைந்து புள்ளி. போகப் போகத்தான் தெரியும், அதுவரை அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டதுல என்ன தப்பு, எவ்வளவு செஞ்சும் வேர்க்கலையே, வேலைய ஏமாத்துறோமோன்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துச் சீட்டு அம்மாள் எங்களையே பார்த்தாள், பார்க்கட்டும்.

நூறு வயது நன்றாக இரு. நேரத்துக்குத் தூங்கு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போன் பண்ணு. நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார். நீ சொல்லடி, அப்பா ஒருநாளும் வேலையை ஏமாற்றியதில்லை என்று.

வாயடக்கம் இல்லாத
உன் அம்மா