ஓடும் சர்வரில் கைவைத்தவள்

8.3.1999, திங்கள்

இன்று என் நாற்காலியில் நந்திதா உட்கார்ந்திருந்தாள்; இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மச்சான் மகள் நந்திதாவை எங்கள் பம்ப்செட் கம்பெனி கம்ப்யூட்டர் அறையில் சேர்த்துவிட்ட நாளிலேயே, இந்தப் பிள்ளை என் நாற்காலியில் கண் வைக்கும் என்று வீட்டில் சொன்னேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் துடியலூரில் முதன்முதலாக சர்வரை, அதாவது எங்கள் பக்கத்தை இன்டர்நெட்டில் காட்டும் கம்ப்யூட்டரை, தொட்ட கை இது. வெள்ளைக்காரன் இன்டர்நெட்டில் எங்கள் மோட்டாரைப் பார்க்கிறான் என்றால் என்னால்தான்.

சர்வரில் ஒரு செட்டிங் மாற்ற வேண்டுமென்றால் முதலில் மணி அடிப்பேன். ஆபீஸே எழுந்து நிற்கும். பிறகுதான் சர்வரை நிறுத்துவேன். முதலாளி அரங்கசாமியே வாசலில் நின்று, "ஆச்சுங்களா தம்பிதுரை?" என்பார். ஓடும்போது தொட்டால் டிஸ்க் கருகிவிடும் என்பது பெங்களூர் இன்ஜினியர் என்னிடம் நேரில் சொன்னது. இங்கே அதுதான் சட்டம்.

10.3, புதன்

ஜெர்மன்காரனுக்கு ஜெர்மன், மற்றவனுக்கு இங்கிலீஷ் என்று ஆள் பார்த்துப் பக்கம் காட்டும் மாட்யூல் என்கிற புரோகிராம் துண்டை நந்திதா இன்று சேர்த்துவிட்டாள். மணி இல்லை. நிறுத்தம் இல்லை. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள்.

"நிறுத்தாமயே மாத்திப்போட்டனுங்க மாமா. செட்டிங் பைலை மறுக்காப் படின்னு சர்வருக்கு ஒரு சிக்னல் குடுத்தாப் போதும். இப்பப் பக்கம் பாத்துட்டு இருக்கறவங்க பழசுலயே முடிச்சுட்டுப் போயிருவாங்க. புதுசா வாரவங்களுக்குப் புதுசு."

இவ்வளவுதானா? அப்புறம் நான் எதுக்கு?

டீ போடும் கருப்பாத்தாள் முதல் டம்ளரை அவளிடம் நீட்டினாள். இரண்டு வருசமாக அது என் டம்ளர்.

11.3, வியாழன்

ஏன் மணி அடிக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

12.3, வெள்ளி

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஓடும் சர்வரில் கைவைத்தாள், கருகிய வாசம்கூட வந்தது என்றேன். வாசம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அவர் முகம் சிறுத்துப்போனது. இன்ஜினியர் பேச்சை மீறுகிற ஆள் நமக்கு ஆகாது, திங்கட்கிழமையிலிருந்து நந்திதா வர வேண்டாம் என்றார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"உங்களைக் கேட்டுப்போட்டுச் செஞ்சிருக்கோணுமுங்க மாமா. எம்மேலதான் தப்பு."

என்ன பண்ணிப்போட்டேன் நான்...

15.3, திங்கள்

விடிந்ததும் முதலாளி வீட்டுக்கே போனேன். பெங்களூர் இன்ஜினியர் நேற்று போன் செய்தார்; இப்போதெல்லாம் ஓட ஓட மாற்றுவதுதான் முறையாம்; நந்திதா செய்தது சரியாம் என்றேன். வாசம்? அது கருப்பாத்தாள் அடுப்பில் பால் தீய்ந்தது என்று சொல்லிவைத்தேன்.

அவருக்குச் சந்தோஷம். "அப்படீன்னா ரூம் சாவிய அந்த அம்மணிகிட்டயே குடுத்துருங்க" என்றார். கொடுத்தேன். மணியைக் கழற்றி ஷிப்டுக்கு அடிக்க வாசல் கேட்டில் மாட்டிவிட்டார்கள்.

இத்தனை நாள் இங்கேகூட மறைத்ததை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். இன்ஜினியர் போன் செய்யவில்லை. பெங்களூரில் அப்படி ஓர் இன்ஜினியரே கிடையாது. முதல் நாள் சர்வரை எப்படி நிறுத்துவது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது; அதை மறைக்கத்தான் அந்த இன்ஜினியரும் மணியும்.