இந்த ஆடிக்கு எடுத்த சிற்றாடை

என் பிரியமான சௌந்தரம் அக்கா,

சிம்மக்கல் வீட்டில் எல்லோரும் உன்னைக் கும்பிடுகிறார்கள். பேசுவது நான் மட்டும்தான். சாமிக்கா கடிதாசு எழுதுகிறாய் என்று அத்தை கேட்டாள். அக்காவுக்கு என்றேன்.

ஆடி பிறந்துவிட்டது. வைகையில் தண்ணீர் இல்லை. கொல்லைக் கிணற்றின் மேல் அப்பா போட்ட பலகை வெயிலில் வெடித்திருக்கிறது. நீ தவறி விழுந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். நீ விழவில்லை. அதற்கு முன் பல மாதம் நீ சரியாகச் சாப்பிடவில்லை, தலை பின்னவில்லை, கூப்பிட்டால் வெகுநேரம் கழித்தே திரும்பினாய். அதற்கு இந்த வீட்டில் பெயர் இல்லை. போன பிறகுதான் உனக்கு ஒரு பெயர் கிடைத்தது. கன்னித் தெய்வம்.

கல்யாணமாகாமல் போனவளுக்கு ஒவ்வோர் ஆடியிலும் புதுச் சிற்றாடை எடுத்து ஓலைப்பெட்டியில் வைத்துப் படைக்கிறோம். போன வருஷத்துத் துணியை வீட்டுப் பெண்ணுக்குக் கட்டிவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண் வள்ளி ஒருத்திதான். நீ போகும்போது பாண்டி ஆடிக்கொண்டிருந்த நம் தங்கை. அவளுக்கு இப்போது உன் வயது. பதினாறு.

நீ படித்த நாவலை எடுத்துவிட்டாள், அக்கா. அட்டை கிழிந்த அதே கதை. கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கிறாள். நாயகி இறந்து கிடக்க, அவளை ஏறெடுத்துப் பார்க்காதவர்களெல்லாம் வந்து அழும் இடம். நீ மடித்த மூலை இன்னும் நிமிரவில்லை.

கல்லூரியில் நான் படிக்கும் நாவல்களில் பையன்கள் துக்கப்படுகிறார்கள், ஓடிப்போகிறார்கள், மீசையோடு திரும்புகிறார்கள். பெண்கள் இருமிச் சாகிறார்கள். அல்லது தண்ணீர். எந்தக் கதையிலாவது ஒருத்திக்குப் பதினேழு வயது ஆகியிருக்கிறதா?

வள்ளி இப்போது பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாள். அம்மாவுக்குப் பயமில்லை. நடை கூட சௌந்தரமேதான் என்று அத்தையிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இவ்வளவு மரியாதை வள்ளிக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

நேற்று அப்பா புதுச் சிற்றாடை வாங்கிவந்தார். அரக்கு நிறக் கதர். ஊரெல்லாம் கதருக்கு மாறியதும் நீயும் மாறவேண்டியதாயிற்று. வள்ளி அதைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அக்கா இருந்தப்ப அதுக்கு அப்பா இம்புட்டுப் பாத்துப் பாத்துத் துணி எடுத்திருக்காகளா?"

"இல்லத்தா."

"நானும் அக்கா மாதிரியே ஆயிட்டேங்கிறாக." சிரித்தாள். "அப்ப எனக்கும் எடுப்பாகள்ல?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் பார்வை கொல்லைப் பக்கம் போய்த் திரும்பியது.

சாமியாக இருப்பது உனக்குப் பிடித்திருக்கிறதா? அன்றைக்கே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, என்னத்தா செய்யுது உனக்கு என்று கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்குமா?

வெள்ளிக்கிழமை படைப்பு. பெட்டியைத் திறக்கும் முன் வள்ளி காதுபடச் சொல்லப்போகிறேன். நீ தெய்வமாகப் போகவில்லை. உனக்குத் தாங்க முடியாத துக்கம் இருந்தது. அப்பா கை ஓங்குவார். ஓங்கட்டும். உன் துணி அவள் மேல் ஏறாது.

கொல்லைக் கதவு திறக்கிறது. கை கழுவத்தான் போகிறாள். இருந்தாலும் நானும் போகிறேன். இனி அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தம்பி,
வள்ளியின் அண்ணன்