மரித்தவர் பட்டியலில் அப்பாவின் பெயர்

ஓலைத்தொடுவாய்,
மன்னார்.
டிசம்பர் 12

அன்பு மகள் றொஷேலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியே முனகிக்கொண்டு இருக்கிறது. நீயும் அந்த நோர்வேக் குளிரில் காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன், போன கிழமை அனுப்பிய படத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாய், அது தலைக்குப் போடுகிற சாமான் பிள்ளை. ஞாயிறுதோறும் ஃபோனில் கதைக்கிற அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார், அவர் இருக்கச் சொல்ல முடியாத கதை இது. இப்போது கிழிந்த வலையைப் பொத்தக் கரைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். உன் தம்பி கிறிஸ்ரி வவுனியாவிலிருந்து லீவில் வந்து நிற்கிறான், தாடி வளர்த்திருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை, நீ ஒரு சொல் சொன்னால் வழிப்பான்.

செப்டெம்பரில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது, அழிந்துபோகிற உயிரினங்களைக் காக்கிற சட்டத்தைத் திருத்தப்போகிறார்களாம், பாராளுமன்றக் குழு ஒன்று பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறதாம். அப்பாதானே இந்த வருடம் எங்கள் மீனவர் சங்கத் தலைவர். கடற்பசுவுக்காக நாங்களும் எழுதத்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். நான் எழுத, அவர் சொல்ல, இரண்டு பின்னேரம் போனது, அவர் சொன்னதில் பாதி ஏச்சு, அதையெல்லாம் வடித்துவிட்டு எழுதினேன். அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது, ஆனால் அது மேய்கிற கடற்புல்லை இழுவைமடி போட்டு அடியோடு வழித்துக்கொண்டு போனால் அது எதைத் தின்னும், ஆகவே புல் இருக்கிற இடத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று எழுதினோம். டைனமைற் போடுகிறவனுக்கும் இறைச்சியை ஒளித்து விற்கிறவனுக்கும் தண்டனையைக் கூட்டுங்கள் என்று எழுதினோம். மூன்றாவதுதான் முக்கியம், தவறி வலையில் பட்டதை வலையை வெட்டி விடுகிறவனைக் குற்றவாளி போல விசாரிக்காதீர்கள், வெட்டின வலைக்கு ஒரு வலை கொடுங்கள், அப்போதுதான் சனம் பயப்படாமல் விடும் என்று எழுதினோம்.

அதை எழுதின பின்னேரம்தான் அப்பா நாலாவதாக ஒன்று எழுது என்றார். உனக்கு நினைவிருக்கும், பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நீ ஆண்டு ஒன்பது படிக்கும்போது, அப்பா ஒரு நாள் கடற்பசு இறைச்சி கொண்டுவந்தார். அது வலைக்குள் செத்துக் கிடந்தது என்று எங்களிடம் சொன்னார். நீ அந்தச் சட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பதினொரு நாள் அவரோடு கதைக்கவில்லை, தேத்தண்ணீரைக் கூட என்னிடம் தந்துதான் கொடுப்பித்தாய். பிள்ளை, அது செத்துக் கிடக்கவில்லையாம். உயிரோடு இருந்ததாம். புது வலை, அன்றுதான் முதல் முதல் போட்டது, வெட்ட மனம் வரவில்லையாம், கடற்றொழில் கந்தோரில் சொன்னால் தன்னையே பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயமும் சேர, பார்த்துக்கொண்டே இருந்தாராம், அது மூச்சு முட்டி அடங்கும் வரைக்கும். பன்னிரண்டு வருடமாக எனக்கே சொல்லவில்லை. நான் பேனையை வைத்துவிட்டேன். பிறகு அவர் சொன்னபடியே எழுதினேன், எழுதி முடித்து வாசித்துக் காட்டியதும் முகம் கறுத்துப்போய், வேண்டாம் அன்ரோனெற், வெட்டு, எழுதினா என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் என்றார். வெட்டிவிட்டுப் புதிய தாளில் மூன்றை மட்டும் எழுதினேன். அதற்குப் பிறகு பல நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இனித்தான் என்னுடைய கெட்டித்தனம் வருகிறது, சிரிக்காமல் வாசி. சங்கத்தில் நாற்பத்தொரு பேர், எல்லாருடைய பெயரையும் வரிசையாக ஒரு தாளின் இரண்டு பக்கத்திலும் நானே எழுதிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கியாயிற்று, முதல் பெயர் அப்பா வலன்ரைன், இரண்டாவது அவரோடு ஒரே வள்ளத்தில் போகிற ஜஸ்ரின் சித்தப்பா. அதே கிழமைதான் நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த விசுவாசிகளின் திருநாள். நம் வீட்டு மரித்தவர்களின் பெயர்களையும் வழக்கம் போல ஒரு தாளில் எழுதினேன், உன் அப்பாவின் அப்பா கொன்ஸ்ரன்ரைன் தொடங்கி இரண்டு பக்கத்து ஆட்களும் முப்பது பேர். இரண்டும் ஒரே கொப்பியில் கிழித்த தாள், ஒரே கையெழுத்து, ஒரே மாதிரிப் பழுப்பு உறை. ஒன்றை மனுவோடு சேர்த்துத் தபாலுக்குக் கொடுத்தேன், ஒன்றைக் கோயில் மூப்பர் அமிர்தநாயகம் அண்ணரிடம் கொடுத்தேன்.

பின்னேரம் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே பூசை. எல்லாரும் கையில் மெழுகுதிரியோடு நிற்கிறோம், மூப்பர் உறைகளை ஒவ்வொன்றாக உடைத்து மரித்தவர்களின் பெயர்களை வாசிக்கிறார், ஒவ்வொரு பெயருக்கும் சனம் நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே என்று சொல்ல வேண்டும். எங்கள் உறை வந்தது. வலன்ரைன் என்று வாசித்தார். ஊரே தந்தருளும் ஆண்டவரே என்றது. அதில் அப்பாவின் குரலும் பெரிதாகக் கேட்டது, தன் ஆன்மாவுக்குத் தானே மன்றாடின ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். அடுத்து ஜஸ்ரின். அதற்கும் தந்தருளும் ஆண்டவரே. வாய் பழக்கத்தில் போகிறதே தவிர ஒருவருக்கும் காது வேலை செய்யவில்லை. இப்படியே ஒன்பது பேரை அடக்கம் செய்துவிட்டோம். பத்தாவதாக எங்கள் சங்கத்து முஸ்லிம் தம்பி, எருக்கலம்பிட்டி றிஸ்வியின் பெயர் வந்ததும்தான் சனம் விழித்தது, கோயில் கணக்கில் றிஸ்வி எப்படி வந்தான் என்று. ஜஸ்ரினின் மனைவி றஞ்சிதா திரும்பிப் பக்கத்தில் நின்ற தன் மனிதரைத் தொட்டுப் பார்த்தாள் பார், ஒருவர் சிரிக்க, அடுத்தவர் சிரிக்க, பாதரும் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சேமக்காலையில் அப்படி ஒரு சிரிப்பை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. றிஸ்விக்கு விசயம் போய், அடுத்த நாள் வீட்டுக்கே வந்து, எனக்கும் சேத்து மன்றாடினது நல்லம்தான் அக்கா, வீண்போகாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கோ சிரிப்பு வரவில்லை. இது கோயிலுக்குப் போனால் கொழும்புக்குப் போனது எது? எங்கள் மனுவோடு முப்பது செத்தவர்கள் போயிருக்கிறார்கள். வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை, கொழும்பில் யார் இதையெல்லாம் வாசிக்கப்போகிறார்கள் என்று பேசாமல் இருந்தேன். வாசித்திருக்கிறார்கள். மூன்றாவது கிழமை ஒரு பிள்ளை ஃபோன் எடுத்தாள், பெயர் சிவதர்சினி, குழுவின் கந்தோரில் வேலையாம், நல்ல மரியாதையாகக் கதைத்தாள். உங்கட கடிதம் குழுவுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு அம்மா, முதல் பேரா இருக்கிற கொன்ஸ்ரன்ரைன் ஐயா அடையாள அட்டையோட இருபத்தெட்டாம் திகதி வந்து நேரில கதைக்க ஏலுமோ என்று கேட்டாள். அவர் வரமாட்டார் பிள்ளை என்றேன். ஏன், சுகமில்லையோ என்றாள். அவர் மோட்சத்துக்குப் போய் இருபத்திரண்டு வருசம் என்றேன். அப்ப ரெண்டாவது ஆள் என்றாள். அவவும் அங்கதான், எல்லாரும் அங்கதான் பிள்ளை என்று முழுக்கதையையும் சொன்னேன். ஃபோனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறாள், எனக்குக் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, உயிரோட இருக்கிற ஆரையாவது அனுப்புங்கோ அம்மா என்றாள்.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஏசுவார் என்று பயந்தேன். அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து வெள்ளைச் சேட்டை எடுத்து என்னிடம் தந்து, இதை மினுக்கு, நான் போறன் என்றார். பயமில்லையோ என்று கேட்டேன். ஊர் முழுக்க நிண்டு என்ர ஆன்மாவுக்கு மன்றாடியாச்சு, செத்தவனை ஆர் பிடிக்கிறது, அந்த நாலாவதையும் சொல்லத்தான் போறன் என்றார்.

இரண்டு பேருமாக ரயிலேறிப் போனோம். பெரிய மண்டபம், அந்த ஏசிக் குளிரில் எனக்குப் பல்லுக் கிட்டியது, உன்னை நினைத்துக்கொண்டேன். காதில் மாட்டிக் கேட்கிற கருவி வைத்திருந்தார்கள், அப்பா தமிழில் சொல்ல அவர்களுக்குச் சிங்களத்தில் கேட்கும். மூன்றையும் சொல்லி முடித்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, ஐயாமார், நான் ஒண்டைக் கொண்டிருக்கிறன் என்றார். கீரிக் கரைக்கு நேரே, புது வலையில, உயிரோட இருந்தது, மனிசர் மாதிரி மூச்சு விட்டது, வெட்டி விட்டிருக்கலாம், வலையையும் சட்டத்தையும் நினைச்சு விடேல்ல, என்ர மகள் கனநாள் என்னோட கதைக்கேல்ல, நீங்கள் என்ன தண்டனை போட்டாலும் அதைவிடப் பெரிசா இராது, ஆனா இனி ஒருத்தன் என்னைப் போல பயந்து கொல்லாத மாதிரி ஒரு சட்டம் எழுதுங்கோ என்றார். தலைவர் ஆசனத்தில் இருந்த அம்மா காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், நாங்க கேக்கத்தான் வந்தது ஐயா, பிடிக்க வரல்ல என்றார். மூன்றாவது கோரிக்கையை அப்படியே வரைவில் சேர்ப்பதாக எழுதிக்கொண்டார்கள். அது சபைக்குப் போக வேண்டும், வாக்கெடுப்பு வேண்டும், இன்னும் கனதூரம் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் வெளியே வந்ததும் உன் அப்பா இரண்டு வடை கேட்டார் பிள்ளை, பிறகு இன்னும் இரண்டு கேட்டார். எனக்கு அது போதும்.

கேள், இன்னும் முடியவில்லை. போன செவ்வாய் விடிந்து வெயில் வருகிற நேரம், அப்பாவும் ஜஸ்ரினும் வலை இழுக்க, பாரமாக இருந்ததாம். பார்த்தால் கடற்பசு. உயிரோடு. வலைக்கு வெளியே அதன் குட்டி சுற்றிச் சுற்றி வருகிறது, போகிற பாடில்லை. அப்பா கத்தியை எடுத்தாராம். முழங்காலையும் மறந்து தண்ணீரில் குதித்து ஏழு பாகம் நீளத்துக்கு வலையை வெட்டியிருக்கிறார். அது மேலே வந்து ஜஸ்ரினின் முகத்தில் மூச்சை ஊதிவிட்டுக் குட்டியையும் கூட்டிக்கொண்டு போனதாம். இரண்டு பேரும் வீட்டுக்கு வரும்போது சின்னப் பெடியள் மாதிரிச் சத்தம், நான் குடித்துவிட்டு வருகிறார்கள் என்று நினைத்து அகப்பையோடு வாசலுக்குப் போனேன். புதிய சட்டம் வருமட்டும் வெட்டின வலைக்கு வலை இல்லை, அதனால்தான் இப்போது பொத்திக்கொண்டு இருக்கிறார், பாட்டுப் பாடிக்கொண்டு பொத்துகிறார். பாலன் குடிலுக்கு ஆட்டுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் வைக்கக் களிமண்ணில் ஒரு கடற்பசுவும் செய்திருக்கிறார், பார்த்தால் பூசணிக்காய்தான், ஆனாலும் பாதர் இருக்கட்டும் என்றுவிட்டார்.

வெட்டின வலையில் ஒரு துண்டை அப்பா அலுமாரிக்குள் தன் கலியாண வேட்டியோடு மடித்து வைத்திருக்கிறார். அவளுக்குச் சொல்லாதே, பெரிசாக் காட்டுறன் எண்டு நினைப்பாள் என்கிறார். ஆனால் அவளுக்கு அந்த இறைச்சிக் கதை ஞாபகம் இருக்குமோ என்று இந்த ஒரு கிழமைக்குள் என்னிடம் நாலு தரம் கேட்டுவிட்டார். அதில் ஒரு விரல் நீளம் கத்தரித்து இதற்குள் வைத்திருக்கிறேன், நான் களவெடுத்தது என்று சொல்லிவிடாதே. ஃபோன் எடுக்கிற ஞாயிறு என்னைச் சுகம் கேட்காமல் முதலில் அவரைக் கூப்பிடு.

நத்தார் இனிப்புக்குத் தொதல் கிண்டியதும் உனக்குப் பார்சல் வரும், கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் கொடு. இரவில் செபம் சொல்லாமல் படுக்காதே. மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும், பாலன் பிறக்கிற நத்தாருக்கு உன் வீட்டிலும் சிரிப்பு நிறையட்டும். தொப்பி தலைக்கு, மறக்காதே.

உன்னை எண்ணிக்கொண்டே இருக்கும்
அம்மா அன்ரோனெற்

பிள்ளை, அம்மா உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரம் எல்லாம் வாசிச்சிட்டன். அவ எழுதினதில ஒரு பிழை இருக்கு. பதினொரு நாள் இல்லை, பதின்மூண்டு.
அப்பா