ஒன்பதாவது பெல்

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். என் இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது, கயிறு உரசியதில் தோல் உரிந்துவிட்டது, அதனால்தான் எழுத்து அவளுடையது. நீ போனில் கேட்டபோது அம்மா பாதியை விழுங்கிவிட்டாள். முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒன்பது பேரை மேட்டுநிலத்துக்கு மூன்று நாள் சைக்கிள் பயணம் கூட்டிப் போனோம், நீ வழக்கமாக வருகிற அதே பாதைதான், படைகள் போன பழைய கல் ரோடு, ஆள் இல்லாத ஊர், இடிந்த காவல்கோபுரம். நான் முன்னால், உன் இடத்தில் கடைசி வண்டியாக உன் தங்கை. அந்த ஒன்பது பேரில் ஒருவரை மற்றவர்கள் கேமராக்காரர் என்று கூப்பிட்டார்கள், ஒரு கல்லைப் பார்த்தால் போதும், இறங்கிவிடுவார். பல் டாக்டரம்மா ஒருவர், இவர் சைக்கிள் ஓட்ட வந்தாரா, கல்லைக் கல்யாணம் பண்ண வந்தாரா என்று கேலி செய்வார், கேமராக்காரரும் சேர்ந்து சிரிப்பார். முதல் நாள் அவரால் ஒரு மணி நேரம் தாமதம். எல்லோர் முன்னாலும் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். மனுஷன் முகம் சுருங்கிப் போய்விட்டது. அது இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டாம் நாள் மத்தியானம் கோபுரத்தைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. பழைய சுங்க கேட்டில் நிறுத்தி, நீயும் நானும் ஏற்படுத்திய வழக்கப்படி பெல் எண்ணினேன், முன்னாலிருந்து வரிசையாக ஆளுக்கு ஒரு தடவை. பத்து கேட்டது. உன் தங்கையோடு பத்து, சரி என்று இறக்கத்தில் இறங்கினேன். கீழே ராத்திரி தங்கும் குடிசையில் பார்த்தால் கேமராக்காரர் இல்லை. பனியில் எங்கேயோ ஓரமாக நின்றிருக்கிறார், உன் தங்கை பார்க்காமல் தாண்டி வந்திருக்கிறாள், அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை, அதைக் கண்டுபிடிக்கத்தானே பெல். மறுநாள் காலையில் இறக்கத்தின் இரண்டாம் வளைவுக்குக் கீழே பள்ளத்தில் உயிரில்லாமல் கண்டோம். கயிறு கட்டி நான்தான் இறங்கினேன். கேமரா கழுத்திலேயே இருந்தது, உடையவில்லை.

ஒன்பது பெல்லைப் பத்து என்று கேட்டிருக்கிறது என் காது. அம்மா நம்பவில்லை, பக்கத்து அறையில் நின்று பெல் அடித்து என்னை எண்ணச் சொன்னாள், எல்லாம் சரியாகச் சொன்னேன். காது டாக்டரும் மிஷின் வைத்துப் பார்த்துவிட்டு, இருபது வயசுக் காது ஐயா உங்களுக்கு என்கிறார். மிஷினுக்கு மலைக்காற்று தெரியுமா? இத்தனைக்கும் ஒன்பதாவது பெல் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது, அப்போதாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். திங்கட்கிழமை விசாரணை அதிகாரி முன்னால், என் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன், வழிகாட்டி உரிமத்தையும் கொடுத்துவிடுவேன். எல்லா வண்டியிலும் பெல்லைக் கழற்றி டப்பாவில் போட்டாயிற்று. உன் தங்கைதான் வாயே திறப்பதில்லை, பயந்து போயிருக்கிறாள், நீ போன் பண்ணினால் அவளிடம் இதைப் பற்றிக் கேட்காதே. சொன்ன வேலையைச் சரியாகச் செய்த பிள்ளை அவள்.

அண்ணா, இதற்கு மேல் அப்பா சொல்லி எழுதுவது இல்லை. கட்டு மாற்ற அம்மா உள்ளே கூட்டிப் போயிருக்கிறாள். கடைசி வரியை எழுதும்போது கை நின்றுவிட்டது. நான் கேமராக்காரரைப் பார்க்காமல் தாண்டி வரவில்லை. கோபுரத்தில் அவர் இறங்கினார், நானும் நின்றேன். ரெண்டே நிமிஷம்மா, நீ போ, பின்னாலயே வந்துடறேன், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, மறுபடியும் திட்டு வாங்க முடியாது என்றார். கடைசி வண்டி யாரையும் பின்னால் விடக் கூடாது என்று நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். ஆனால் அவ்வளவு பெரியவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டில் அப்பா எண்ணும்போது, அவர் இன்னும் வரவில்லை என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை, பெல்லில் கை வைத்தேன். அவருக்காக ஒரு தடவை அடித்தேன், மூச்சு விட்டு, எனக்காக ஒரு தடவை அடித்தேன். அதற்குள் வந்துவிடுவார் என்று நினைத்தேன். எங்களைப் பிடிக்கத்தான் அவர் அந்தப் பனியில் வேகமாக இறங்கியிருப்பார். பிறகு எல்லோரும் அவர்களாகவே, பனியில் பார்த்திருக்க மாட்டாள் என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அப்பா காது டாக்டரிடம் போன அன்று வாசல் வரை போய்ச் சொல்லப் பார்த்தேன், செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எந்தக் கடிதத்தையும் முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அப்பா கையெழுத்துப் போடுவார், உனக்கே தெரியும். சொல்லத்தான் எனக்கு வராது. எழுதியிருப்பதை வாசிக்க வரும். இதோ வருகிறார்.

வாசித்தேன், அண்ணா. முழுவதும். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னைத் திட்டவில்லை. இன்னொரு தடவை வாசி என்றார். இரண்டாம் தடவை முடித்ததும் பேனாவைக் கேட்டார். கை வலிக்கும் என்று அம்மா சொல்லியும் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறார். இனிக் கீழே வருவது அவர் கையால் எழுதுவது.

மகனே. கேட்டேன். அவரைத் திட்டியது நான், அது என்னோடதுதான். திங்கட்கிழமை இவள் பேசுவாள். அன்று இவள் முன்னால் போகட்டும், நான் பின்னால் வருகிறேன். நீ நல்லபடியாக இரு. தங்கைக்குப் போன் பண்ணு, மறக்காதே.
அப்பா